மொம்பாசாவுக்குப் போன பெட்டிகள்

மார்ச் 11, 2025, செவ்வாய்

பத்தாவது நோன்பு. டார்ச் வரிசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வருவதற்குள் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. செப்புக் குழாய் பற்றவைக்கிற இடத்தில் ஃபேன் போட முடியாது, தீ ஆடும். ஊருக்கெல்லாம் ஏசி செய்கிற கம்பெனி, எங்கள் லைனில் மட்டும் எப்போதும் அக்னி நட்சத்திரம்.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மேனேஜர் பிரபாகரன் சார் லைன் லீடர்களைக் கூப்பிட்டார். டிசம்பர் கடைசியில் ஆப்பிரிக்காவுக்கு, மொம்பாசா துறைமுகத்துக்குப் போன ஏசிகளில் நிறைய ஓடவில்லையாம். வெளியே மாட்டுகிற யூனிட்டில் கேஸே இல்லையாம். வாங்கிய வியாபாரி கோபமாக மெயில் போட்டிருக்கிறார்.

"கேஸ் போனா ஜாயின்ட்லதான் போகும். ஜாயின்ட் போடுறது ஷமீமா லைன்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"இங்கிருந்து போறப்ப லீக் டெஸ்ட்ல எல்லாம் பாஸ் சார்."

"பாஸ்தான். கப்பல்ல குலுங்கினதுல வீக்கான ஜாயின்ட் வாயைத் திறந்திருக்கும்."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் மனதில் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

மொம்பாசாவிலிருந்து போட்டோ வந்திருக்கிறது. சார் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வால்வுக்குப் பக்கத்து ஜாயின்ட் பச்சையாகப் பூத்திருந்தது. பற்றவைத்த பிறகு மேலே தங்குகிற பசையைத் துடைக்காமல் விட்டால் நாளாக ஆக அது செம்பை அரிக்கும். சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம்.

"துடைக்கல. அவ்ளோதான் விஷயம்," என்றார் சார்.

வால்வு ஜாயின்ட் கலைமதியின் இடம். மரக்காணத்துக்காரி. அவள் அப்பா இருசப்பன் இன்னும் உப்பளத்தில்தான் இருக்கிறார். அவளும் அங்கே உப்புக்கூடை சுமந்தவள்தான். நானும் அவளும் ஒரே வாரத்தில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தோம். பன்னிரண்டு வரை படித்ததால் என்னை நிரந்தரமாக்கி லீடர் ஆக்கினார்கள். அவள் எட்டாவதோடு நின்றதால் கான்ட்ராக்டிலேயே இருக்கிறாள்.

துடைக்காமல் விடுகிற கையா அது? இதைச் சாரிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அத்தனை ஜாயின்ட்டில் ஒரு நாள், ஒரு மதியம், கை மறக்காதா என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, நான்தானே படிக்கப்போகிறேன்.

மார்ச் 14, வெள்ளி

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

கலைமதியை நிறுத்திவிட்டார்கள்.

கான்ட்ராக்டர் பக்கத்து சூப்பர்வைசர் நடராசன் கேன்டீன் வாசலில் வைத்துச் சொன்னார். "நாளையிலிருந்து வேணாம்மா. மேல இருந்து சொல்லிட்டாங்க." அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி அடுக்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். அவரை இல்லை, என்னை.

வேனில் வழக்கம்போல என் பக்கத்தில் உட்காரவில்லை. மரக்காணத்தில் இறங்குவதற்கு எழுந்தபோது என் சீட்டருகே நின்றாள்.

"என் கை தப்பு பண்ணியிருந்தா எனக்குத் தெரியாதாக்கா?"

"கலை, நான் பேசிப் பாக்குறேன்..."

"மீட்டிங் நடந்தப்ப பேசினியா?"

பதில் சொல்வதற்குள் டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். இறங்கிப் போய்விட்டாள். நல்லவேளை திறந்தார் என்று நினைத்தேனா நான்? ஆமாம், நினைத்தேன். சே.

மார்ச் 19, புதன்

அவள் இடத்தில் புதிதாக ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். பயந்து பயந்து டார்ச்சைத் தூரத்தில் பிடிக்கிறாள். அவள் விட்டதையெல்லாம் நானே மறுபடி செய்தேன். வீட்டுக்கு வந்து கஞ்சியைக்கூட முழுதாகக் குடிக்க முடியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

என்ன எழுதுவது, எப்படி எழுதுவது.

நோன்பு திறந்துவிட்டு எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். தம்பி அதீப் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான், எங்கள் கம்பெனிப் பெட்டிகளைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதே அவனுடைய ட்ரிப்தான். கலைமதியை ஏன் காணோம், பெருநாள் துணி எடுக்க உங்களோடு வருவாளே என்று அவன் மனைவி ஷம்சாத் கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அதீப் சமோசாவைப் பிட்டுக்கொண்டே, ரோட்டில் பள்ளம் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னான்.

"மொம்பாசா லோடா? அது புயல்ல நனைஞ்ச பெட்டியாச்சே."

"எந்தப் பெட்டி?"

"உப்பளத்துப் பக்கத்து குடோன்ல கெடந்ததுக்கா. நவம்பர் முழுக்க காலி கன்டெய்னர் கெடைக்கலன்னு அங்க அடுக்கி வெச்சாங்க இல்ல? புயல் அன்னிக்கு அளத்துத் தண்ணி பூரா உள்ள வந்துட்டுது. முழங்காலுக்கு மேல. கீழ் வரிசை ரெண்டு மூணு நாள் அதுலயே நின்னுது. அப்புறம் வடக்கத்திப் பசங்களை வெச்சுத் தொடைச்சு, புது அட்டைப் பெட்டி போட்டு ஏத்திட்டாங்க. நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன்."

"யாரு ஏத்தச் சொன்னது?"

"யாரோ. எனக்கு இன்னா தெரியும்? சீல் போட்டுக் குடுத்தா ஓட்டுறது என் வேலை."

ஷம்சாத் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 22, சனி

அந்த போட்டோவைச் சாரிடம் கேட்டு இன்னொரு முறை பார்த்தேன். பச்சை ஜாயின்ட்டில் மட்டும் இல்லை. கீழ்த்தகட்டின் ஸ்க்ரூ எல்லாம் துரு. அலுமினியத் தகடுகள் அடிப்பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருக்கின்றன. அன்றைக்கே கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஜாயின்ட் என்று சொன்னார்கள், ஜாயின்ட்டைப் பார்த்தேன்.

உப்புத் தண்ணீர். துடைத்தால் போகுமா அது?

சொல்லிவிடலாம். யார் சொன்னது என்று கேட்பார்கள். ஓட்டிக்கொண்டு போனது ஒரே டிரைவர். லாரி முதலாளி தட்சணாமூர்த்தி அடுத்த நாளே சாவியை வாங்கிக்கொள்வார். என் வீட்டுக்காரர், மகள் தமன்னாவின் அத்தா, சவுதியில் தம்மாமில் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நானும் மகளும் இருப்பது அதீப் வீட்டில். கூனிமேட்டில் எனக்கென்று வேறு வாசல் கிடையாது.

மார்ச் 24, திங்கள்

சாரிடம் சொல்லிவிடட்டுமா என்று அதீப்பிடம் கேட்டேன்.

"வேணாங்கா," என்றான். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "கலைமதிக்கு வேற எடத்துல வேலை கெடைக்கும். எனக்கு இந்த லாரிதான்."

ஷம்சாத் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

பிரபாகரன் சாரின் அறை வரை போனேன். போனில் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். போன் முடியும்வரை நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். தமன்னாவிடம் கலைமதி வீட்டுக்கு பிரியாணி கொடுத்தனுப்பினேன். எல்லா வருடமும் அவளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்கம்மா. பரீட்சை எப்படி எழுதினேன்னு கேட்டாங்க. கையெல்லாம் வெடிச்சிருக்குது. அளத்துக்குப் போறாங்களாம்."

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"இல்ல."

ஏப்ரல் 4, வெள்ளி

மொம்பாசா வியாபாரி நேரிலேயே வந்துவிட்டார். ஒமாரி என்று பெயர். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கிறாராம். பெரிய ஆளாக, சத்தம் போடுகிற ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். நரைத்த தாடி, முழங்கால் வலி, படி ஏறும்போது கைப்பிடியை விடுவதில்லை. துபாயில் பல வருடம் இருந்ததால் ஹிந்தி பேசுகிறார். வடக்கத்திப் பசங்களோடு பேசிப் பேசி வந்த என் ஹிந்தியை வைத்து லைனைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள்.

நடக்கும்போது அவராகவே சொன்னார். அந்த ஏசிகளில் பாதியை ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருக்கிறார். அங்கே பிப்ரவரி, மார்ச்சில்தான் உச்ச வெயிலாம். மாட்டிய வாரமே எல்லாம் வெறும் காற்று. பிள்ளை பெற்றவர்கள் துணியை நனைத்து நனைத்துக் குழந்தைகள் மேல் போட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர் மகளும் அந்த வார்டில்தான் இருந்தாளாம்.

சார் நடுவில் வந்து, அந்த ஜாயின்ட் போட்ட பெண்ணை நிறுத்திவிட்டோம் என்றார்.

ஒமாரி என் பக்கம் திரும்பி ஹிந்தியில் கேட்டார்: "அந்தப் பொண்ணை நிறுத்தி எனக்கு என்ன ஆகப்போகுது, சகோதரி? அடுத்த கன்டெய்னர் ஓடுமா ஓடாதான்னு எனக்கு யாரு சொல்றது?"

ஏப்ரல் 5, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலையில் நேராகச் சாரின் அறைக்குப் போனேன். இந்த முறை கதவைத் தட்டினேன். குடோன், புயல், தண்ணீர், புதுப் பெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அதீப் பெயரைச் சொல்லவில்லை. அவர் குறுக்கே பேசவில்லை.

"எனக்குத் தெரியும் ஷமீமா," என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றேன்.

"நான்தான் ஏத்தச் சொன்னேன். வருஷம் முடியறதுக்குள்ள போகணும்னு ஹெட் ஆபீஸ்ல தெனம் மூணு போன். ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பாத்தேன். அன்னிக்கு எல்லாம் ஓடிச்சு. உப்பு உள்ள உக்காந்து அரிக்கும்னு..." என்று நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அந்த முகத்தில் தூக்கமே இல்லை.

"அப்ப கலைமதி?"

"யாராவது ஒருத்தரைக் காட்டணும்."

"காட்டணுமா? அவளுக்கு ரெண்டு புள்ள இருக்குது சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீங்க ஒமாரிகிட்ட சொன்னா நான் தடுக்க மாட்டேன். நானா சொல்ல என்னால முடியல."

இப்படியும் ஒரு மனிதர் சொல்வாரா? தடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தடுத்துவிட்டார், என்ன செய்ய என்று வீட்டுக்கு வந்திருப்பேன்.

பேக்கிங் பக்கத்தில் ஒமாரி நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஹிந்தியில் புயலுக்கு என்ன வார்த்தை என்று மறந்துவிட்டது. பெரிய காற்று, கடல் தண்ணீர், உப்பு என்று சொன்னேன். உப்புக்கு நமக். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் கையிலிருந்த டீக் கப்பைக் கீழே வைத்துவிட்டார். கெட்டுப்போனவை எல்லாம் கீழ் வரிசை, மேல் வரிசை நன்றாக ஓடும் என்றேன். ஆமாம், சில ஓடுகின்றன, ஏன் என்றுதான் அவருக்கும் விளங்கவில்லையாம்.

கம்பெனிக் காரில் மூன்று பேரும் குடோனுக்குப் போனோம். சார் முன்சீட்டில். உப்பளப் பாத்திகளில் வெயில் அடித்துக் கண் கூசியது. குடோன் இப்போது காலி. சுவரில் முழங்காலுக்கு மேலே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, நான்கு பக்கமும். ஒமாரி குனிய முடியாமல் குனிந்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். விரலில் உப்பு.

அப்போதுதான் பிரபாகரன் சார் வாயைத் திறந்தார். இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் புரிகிற இங்கிலீஷ்தான்: அந்தப் பெட்டிகளை ஏற்றச் சொன்னது நான். அந்தப் பெண் மேல் தப்பில்லை.

ஒமாரி சத்தம் போடவில்லை. வெளியே போய் நிழலில் நின்று மொம்பாசாவுக்குப் போன் செய்தார். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

தட்சணாமூர்த்தி அதீப்பிடம் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். நான் பெயர் சொல்லவில்லை என்றால் யாருக்கும் தெரியாமல் போய்விடுமா?

அவன் என்னோடு பேசவில்லை. ஷம்சாத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "சாப்பிடுங்க" என்றாள். எப்போதும் சாப்பிடுங்கக்கா என்பாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கலைமதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதை நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறி மரக்காணம் போனேன். வீட்டில் இல்லை. உப்பளத்துக்குப் போனேன். அவள் அப்பா இருசப்பன் பாத்தியில் உப்பு இழுத்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டினார், அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று.

கூடையை இறக்கிவிட்டு வந்தாள். முகம் கறுத்துப் போயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"அப்ப என் மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் சொல்லிட்டாங்களா? லைன்ல நிக்க வெச்சு?"

"அப்படி இல்ல... திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

"அந்த வேன்ல இனிமே ஏற முடியாதுக்கா."

"கோவத்துல சொல்ற."

"கோவம் இல்ல. அலுப்பு."

திரும்பப் போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டாள். பஸ் வருவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 24, வியாழன்

பிரபாகரன் சாரை ஆந்திராவில் இன்னொரு பிளான்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது லைனுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என் முன்னால் ஒரு நொடி நின்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மே 6, செவ்வாய்

ஒமாரிக்கு ஓடாத பெட்டிகளுக்குப் பதில் புதுப் பெட்டிகள் போய்விட்டன. ஆனால் அடுத்த ஆர்டரை அவர் சீனாவுக்குக் கொடுத்துவிட்டாராம். மொம்பாசாவை நம்பி ஓடிய இரண்டாவது ஷிஃப்ட் நின்றுவிட்டது. கான்ட்ராக்ட் பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை.

நான் ஏறினால் வேனில் பேச்சு நின்றுவிடுகிறது. பின் சீட்டிலிருந்து ஒருத்தி, எனக்குக் கேட்கட்டும் என்றே, "ஒருத்திக்காகப் பேசி ஊரையே ஒக்கார வெச்சாச்சு" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சொன்னதில் என்ன பொய்? அவள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்தானே.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு உடம்பு கனக்கிறது.

மே 19, திங்கள்

லீடர் வேலை போயிற்று. பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது.

ஜூன் 7, சனி

பக்ரீத். அதீப்புக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. கூனிமேட்டிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போகிறான். கறி பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ சொன்னது தப்பில்லக்கா. என்னைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்."

"கேட்டேனேடா."

"வேணாம்னு சொன்னேன் இல்ல. அப்புறம் எதுக்குக் கேட்ட?"

அவன் கத்தியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "கலைமதி வீட்டுக்குச் சாப்பாடு எடுத்து வை, அந்தப் பக்கம்தான் போறேன்" என்றான்.

ஜூலை 2, புதன்

எழுதாமல் நாள் போகிறது. பேக்கிங், வேன், தூக்கம். இதில் எழுத என்ன இருக்கிறது?

ஜூலை 20, ஞாயிறு

தமன்னா ஒரு செய்தி கொண்டுவந்தாள். கலைமதி குயிலாப்பாளையத்தில் ஒரு ஏசி ரிப்பேர் கடையில் சேர்ந்திருக்கிறாளாம். கெஸ்ட் ஹவுஸ்களில் பழுதாகிற ஏசிக்கெல்லாம் குழாய் பற்றவைப்பது அவள்தானாம். ஸ்கூட்டி பின்னால் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போவதைத் தமன்னாவே பார்த்திருக்கிறாள்.

"கை அசைச்சாங்கம்மா."

"உனக்கா?"

"எனக்குத்தான்."

ஆகஸ்ட் 14, வியாழன்

போன் வந்தது. கலைமதி.

"ஞாயித்துக்கெழம லீவுதானே உனக்கு?"

"ஆமா."

"மாடில ஒரு வேலை இருக்குது. குழாயைப் புடிக்க இன்னொரு ஆளு வேணும். கடைப் பையன் ஊருக்குப் போயிட்டான். வர்றியா?"

வர்றேன் என்றேன். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குயிலாப்பாளையம் போய் வந்தேன்.

ஒரு கெஸ்ட் ஹவுஸின் மொட்டை மாடியில் வெயில். அவுட்டோர் யூனிட்டைத் திறந்தோம். பழைய குழாயை அறுத்தாள், புதுசை நான் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவள் டார்ச் பிடித்தாள். "கொஞ்சம் மேல... அப்படியே நிறுத்து." இவ்வளவுதான் பேச்சு. பற்றவைத்து, ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தாள். சுற்றிச் சுற்றி ரொம்ப நேரம் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கேஸ் ஏற்றி முடித்துக் கீழே அறைக்குப் போனோம். காலி அறை, ஒரு கட்டில், ஜன்னலுக்கு வெளியே முந்திரி மரம். ஸ்விட்ச் போட்டாள். முதலில் வெறும் காற்று. பிறகு குளிர்ந்தது. ஓடுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும், உட்காருங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கலைமதி எதிர்ச் சுவரில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் மேல் கட்டில் விரிப்பு. கலைமதி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், சாமானெல்லாம் கட்டி முடித்து மடியில் வைத்துக்கொண்டு.

"எழுப்பியிருக்கலாமே கலை. கடைக்காரர் என்ன நினைச்சிருப்பார்?"

"ரெண்டு தடவ கதவைத் தட்டிக் கேட்டாரு. இன்னும் சரியா கூலிங் ஆகல, பாத்துக்கிட்டிருக்கோம்னு சொல்லிட்டேன்."

அறை ஐஸ் மாதிரி இருந்தது.